முதலில் மாடி, கடைசியில் சோலார்

வீட்டுக் கரண்ட் செலவைக் குறைக்கணும் என்று யாரிடம் பேச்செடுத்தாலும் "சோலார் போட்டுடுங்க" என்பதுதான் முதல் பதிலாக வருகிறது. நாங்களும் போட்டோம், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. அதற்கு முன்பு மாடி, மேற்குச் சுவர், ஃபேன், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்ததில், மூன்று கிலோவாட் வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்த வீட்டுக்கு இரண்டே போதும் என்றாகிவிட்டது. அந்த வரிசையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு திருச்சி கே.கே. நகர் பக்கம். 1990-களில் மாமனார் கட்டிய தனி வீடு, கான்கிரீட் தளம், மேலே மொட்டை மாடி. படுக்கையறை மேற்கில். நான், கணவர், அத்தை, கல்லூரியில் படிக்கும் மகன் என நான்கு பேர். கோடையில் இரண்டு மாத ரீடிங் 700 யூனிட்டைத் தாண்டும்.

தமிழ்நாட்டில் இந்த ரீடிங்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 என்ற கோடு பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய்தான். 501 ஆகிவிட்டால் அதே யூனிட்டுகளுக்கு 4.50. ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது. அந்தந்தக் காலத்து அட்டவணையைப் பார்த்து, நாம் எந்தக் கோட்டின் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வருவதற்கு முப்பது நாற்பது யூனிட் குறைந்தாலே போதும் என்ற நிலையில் நிறைய வீடுகள் இருக்கின்றன.

சரி, எங்கே போகிறது இவ்வளவு கரண்ட்? இதைக் கண்டுபிடிக்க நூறு ரூபாய் கூடச் செலவு இல்லை. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, மகன் மீட்டர் முன்னால் நின்று செல்போனில் நிமிடம் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்கு நான்கு. மணிக்கு 240, அதை 3200-ஆல் வகுத்தால் 0.075. அதாவது 75 வாட். பழைய ஃபேனுக்கு அதுதான் சரியான கணக்கு. ஏசியைப் போட்டபோது எண்ண முடியாத வேகத்தில் அடித்தது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எப்போதாவது ஒன்று மினுக்கினால், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் என்று ஏதோ ஒன்று சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிமோட்டில் டிவியை அணைத்தால் செட்டாப் பாக்ஸ் தூங்கிவிடாது. சுவிட்சையே அணைக்க வேண்டும்.

எண்ணி முடித்தபோது படம் தெளிவாகிவிட்டது. கோடையில் ஏசி ஒரு இரவுக்கு ஐந்து யூனிட், இரண்டு மாதத்துக்கு 300. ஐந்து ஃபேன் சராசரியாகப் பத்து மணி நேரம் ஓடினால் 225. ஃபிரிட்ஜ் சுமார் 100. மோட்டார், விளக்கு, மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சேர்ந்து மிச்சம். வாங்கும் கரண்டில் முக்கால் வாசி, வீட்டுக்குள் வந்துவிட்ட சூட்டோடு மல்லுக்கட்டத்தான் போகிறது. அப்படியானால் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை அது நமக்கு வடக்கே போய்விடுகிறது. கத்திரி வெயிலில் எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரில் நேர்வெயில் படுவதே இல்லை. அடி முழுவதும் மொட்டை மாடிக்குத்தான், அடுத்தது சாயங்காலம் மேற்குச் சுவருக்கு. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதை உள்ளே இறக்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி கதகதவென்று இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது.

அத்தை லால்குடிப் பக்கம் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர். "ஏம்மா, ஓட்டு வீட்டுல பகல்ல சுடும், ராத்திரி விட்டுடும். இது ராத்திரிதான் ஆரம்பிக்குது" என்பார். உண்மைதான். நாட்டு ஓட்டின் இடுக்கு வழியாகச் சூடு வெளியேறிவிடும், ஓட்டுக்குக் கனமும் குறைவு. கான்கிரீட்டுக்கு அந்த இடுக்கு கிடையாது. அதைச் சமாளிக்கத்தான் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். ஒழுகலுக்கும் அது காவல், வெயிலுக்கும் காவல். எங்கள் மாடியில் அந்த வேலை நடக்கவில்லை, சிமெண்ட் பூச்சோடு நின்றுவிட்டது. இப்போது செய்யலாமா என்று கொத்தனாரைக் கேட்டேன். "செய்யலாம்க்கா, ஆனா எடை ஏறும், கூலியும் ஆகும். முதல்ல வெள்ளையடிச்சுப் பாருங்க, திருப்தி இல்லேன்னா அப்புறம் பேசலாம்" என்றார். வேலையை வேண்டாம் என்று சொல்லும் கொத்தனார் கிடைப்பது அபூர்வம். அவர் சொன்னதையே செய்தோம்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. மாடியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, ஒரு நாள் காயவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் ஊற்றி நீற்ற வேண்டும். கொதித்துப் பொங்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் ஒரு துளி பட்டாலும் ஆபத்து, ஆகவே கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இரவெல்லாம் ஊறியதைத் துணியில் வடிகட்டி, உதிராமல் ஒட்டிக்கொள்ள ஃபெவிகால் கலந்து, தரையை லேசாக நனைத்துவிட்டு, சாயங்கால நேரத்தில் இரண்டு கோட் அடிக்க வேண்டும். நடு வெயிலில் அடித்தால் பிரஷ் போகும் வேகத்திலேயே காய்ந்து பொடியாகும். கண்ணும் கூசும்.

நாங்கள் முதலில் பாதி மாடியை மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினோம். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மகனைச் செருப்பில்லாமல் ஏறச் சொன்னேன். வெள்ளைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவன், சாம்பல் பக்கம் கால் வைத்ததும் குதித்து ஓடி வந்துவிட்டான். கூல் ரூஃப் பெயிண்ட் என்றும் வெள்ளை ஓடு என்றும் விற்பது எல்லாம் இதே தத்துவம்தான்: வெயிலை உள்வாங்காமல் திருப்பி அனுப்புவது. தெலங்கானாவில் 2023-ல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தார்கள். பெயிண்ட் சில ஆண்டுகள் தாங்கும், விலை கூடுதல். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒவ்வொரு மாசியிலும் ஒரு கை போட வேண்டும். எதுவானாலும் புழுதி படிந்து சாம்பலாகிவிட்டால் பாதிப் பலன் போச்சு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விளக்குமாறு போட்டுத் தள்ளுவதுதான் இதற்கான பராமரிப்பு.

மாடிக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டலாமே என்று பலர் கேட்பார்கள். கட்டலாம், நன்றாகவே குளிரும். ஆனால் திருச்சியில் ஆடிக்காற்றில் அம்மியும் நகரும். எங்கள் தெருவில் போன வருடம் கட்டிய வலை ஒன்று இரண்டு வீடு தள்ளி வேப்ப மரத்தில் தொங்கியது. கம்பி ஊன்றி, நாலாபுறமும் இழுத்துக் கட்டி, ஆனி பிறந்ததும் சுருட்டி வைத்துவிடுகிறவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

மேற்குப் பக்கத்துக்கு வருவோம். ஜன்னலுக்குள்ளே கனமான திரை போட்டால் வெளிச்சம் குறையும், சூடு அவ்வளவாகக் குறையாது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு அறைக்குள்தான் சுற்றும். ஆகவே மறைப்பு வெளியே இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். சுவர் ஓரமாகக் கம்பிப் பந்தல் போட்டுக் கோவைக்காயும் சங்குப்பூவும் ஏற்றினோம். கொடி சுவரில் நேரடியாக ஒட்டாமல் ஒரு அடி தள்ளி இருப்பது நல்லது, இடையில் காற்று ஓடும், சுவரிலும் ஈரம் ஏறாது. நிலையான நிழலுக்கு காம்பவுண்டை ஒட்டி ஒரு புங்கை வைத்திருக்கிறோம். சம்ப், செப்டிக் டேங்க் பக்கத்தில் மட்டும் மரம் வேண்டாம், வேர் தேடிப் போய்விடும்.

கதவு, ஜன்னல் திறக்கும் நேரமும் முக்கியம். "காத்து வரட்டும்" என்று மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கத்திரியில் அந்த நேரத்தில் வருவது அனல். இப்போது காலை பத்து மணிக்கு மேற்கிலும் வடக்கிலும் மூடிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். ஏசி வைத்தபோது அடைத்துவிட்ட மேல் வெண்டிலேட்டர்களை ஹாலில் மறுபடி திறந்து கொசுவலை அடித்தோம். மேலே தேங்கும் சூடு வெளியே போக ஒரு வழி வேண்டும். திருச்சிக் காய்ந்த வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தாலும் நன்றாகக் குளிரும். சென்னை மாதிரி காற்றிலேயே ஈரம் இருக்கும் ஊர்களில் அது அவ்வளவாக எடுபடாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் கரண்ட் சாமான்களைத் தொட்டோம். ஃபேன் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். பிஎல்டிசி (BLDC) என்னும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது, அதே மீட்டர் விளக்குக் கணக்கில் இரண்டு நிமிடத்துக்கு மூன்று மினுக்கு. ஐந்தையும் மாற்றினால் எங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 135 யூனிட் மிச்சம். ஒரேயடியாக மாற்றவில்லை. அதிகம் ஓடும் ஹால், அப்புறம் படுக்கையறை என்று வரிசையாக. மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனைக் கொண்டு எடுத்துவிட வேண்டும், இந்த ஃபேனின் வேகம் ரிமோட்டில்தான். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: கரண்ட் போனால் அதே பேட்டரியில் ஃபேன்கள் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் கடையில் அதைப் பார்த்தே வாங்கலாம்.

ஏசியை மாற்றவில்லை, பழசே ஓடுகிறது. நன்றாக ஓடும் சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து நட்சத்திரம் வாங்குவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 2020 தொடக்கம் முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (BEE) விதி கொண்டுவந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் அளவுக்கு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. நாங்கள் 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுகிறோம். மாடி வெள்ளையானதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. நடு இரவில் தானாக அணையும்படி டைமர் வைத்தால் விடியும் வரை தாங்குகிறது. முன்பு அப்படி அணைத்தால் அரை மணியில் வியர்த்து எழுந்துவிடுவோம். மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவுவது என் வேலை. ஏசியின் செலவு பாதிக்குப் பாதி இறங்கியது.

ஃபிரிட்ஜ் மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. அதை உள்சுவர் பக்கம் நகர்த்தி, பின்னால் ஒரு சாண் இடம் விட்டோம். கதவு ரப்பரில் ஒரு தாளைச் சொருகி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். சமையலுக்கு, ஊற வைத்த அரிசியைக் கொதிக்கவிட்டுத் தூக்கி உள்ளே வைத்தால் தானாக வேகும் தெர்மல் குக்கர். கேஸும் மிச்சம், மதியத்தில் சமையலறைச் சூடும் குறைவு. காய்கறிக் கழிவு மண்பானையில் மட்கிக் கோவைக்காய்க்கே போகிறது. காய்ந்த இலையை ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் போட்டால் வாடை வராது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரும் கரண்ட்தான், ஒவ்வொரு டேங்க்கும் மோட்டார் ஓடித்தானே ஏறுகிறது. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அமைத்த குழாய் எங்கள் வீட்டிலும் இருந்தது. குழியில் மண் மூடி, பெயருக்கு நின்றது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். குழியைத் தோண்டி மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட்டோம். மழைக்குழாயில் ஒரு டி-ஜாயிண்ட்டும் வால்வும் வைத்து, முதல் மழையை வெளியே விட்டுவிடுகிறோம். சுண்ணாம்பு அடித்த மாடிக்கு இது அவசியம், உதிர்ந்த வெள்ளையும் புழுதியும் முதல் மழையோடு போய்விடும். டேங்க் நிரம்பினால் கத்தும் அலாரம் ஒன்றும் மாட்டினோம். அதுவரை, வழிந்தோடிய தண்ணீரை வைத்தே தெருவில் எங்களை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சோலார். விலை விசாரித்த ஓர் இடத்தில், ரீடிங் அட்டையைக் கூடப் பார்க்காமல் ஐந்து கிலோவாட் என்றார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேல் எதற்கும் 78,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதாவது மூன்றுக்கு மேல் போனால் கூடுதல் செலவு முழுக்க நம் கையிலிருந்து. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு நான்கு யூனிட் அளவுக்குத் தரும், நூறு சதுர அடி இடம் வேண்டும். கோடை ரீடிங் 430 பக்கம் இறங்கிவிட்டதால் எங்களுக்கு இரண்டு கிலோவாட்டே ஏறக்குறைய சரிக்கட்டிவிடுகிறது.

வெளிப்படையாகச் சொன்னால், இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு நான் சோலாரைச் சொல்லமாட்டேன். இலவச யூனிட்டும் குறைந்த விலை யூனிட்டும் போக அங்கே மிச்சப்படுத்த அதிகம் இல்லை, போட்ட பணம் திரும்ப நெடுநாள் ஆகும்.

போடுவதென்றால் சில விஷயங்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில், தெருவில் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் சோலார் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இதைப் பல விற்பனையாளர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க்கின் நிழலோ தென்னை ஓலையின் நிழலோ ஒரு சோலார் பலகையில் விழுந்தால், அதோடு தொடராக இணைத்த மற்றவையும் சேர்ந்து மந்தமாகும். ஆகவே காலை, மதியம், மாலை என்று நிழலைப் பார்த்த பிறகே இடம் குறியுங்கள். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் சட்டம் போட்டால் செலவு கூடும், ஆனால் பலகையே மாடிக்கு நிழலாகிவிடும். எங்கள் படுக்கையறைக்கு மேல் அப்படித்தான் போட்டோம். ஆடிக்காற்றை மனதில் வைத்து, ஆணி பிடிப்பை எப்படிச் செய்கிறார்கள் என்று கூடவே நின்று பாருங்கள். கழுவுவதற்கு போர்த் தண்ணீர் வேண்டாம். உப்புத்தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும், அப்புறம் அது தேய்த்தாலும் போகாது. காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ விட்டு, பலகை சூடேறுவதற்கு முன் அதிகாலையில் மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று விட்டுவிட வேண்டாம். பிஎல்டிசி ஃபேனைக் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகலாம், பழையதையும் அதன் ரெகுலேட்டரையும் பரணில் பத்திரமாக வைத்து, காலி செய்யும்போது மாட்டிக் கொடுத்துவிடுங்கள். மூங்கில் தட்டிக்கு இரண்டு கொக்கி போதும். மேல்தளத்தில் குடியிருந்தால் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டு ஓனரைக் கேளுங்கள். ஒழுகலுக்கும் நல்லது என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், சிலர் பாதிச் செலவும் கொடுப்பார்கள். சித்திரை பிறந்த பிறகு சுண்ணாம்படிக்கும் ஆட்கள் கிடைப்பது சிரமம், மாசியிலேயே பேசி வைத்துவிடுங்கள்.